விழுவதுதான் வேலை

2006 ஆகஸ்ட் 12 அன்று லிவர்பூலில் நடந்த ஒரு மல்யுத்த ஆட்டத்தை, என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஸ்டண்ட் கலைஞர்களுக்கு அடிக்கடி போனில் போட்டுக் காட்டுவேன். ஒரு பக்கம் அமெரிக்காவின் பிரையன் டேனியல்சன், இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்காரர் நைஜல் மெக்கின்னஸ். ‘ரிங் ஆஃப் ஹானர்’ என்ற சின்ன நிறுவனத்தின் இரண்டு பட்டங்களை ஒன்றாக்குவதற்காக நடந்த ஆட்டம் அது. நடுவில் ஒரு கட்டம் வரும். டேனியல்சன் ரிங்கின் மூலையிலுள்ள இரும்புத் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு மெக்கின்னஸின் இரண்டு கைகளையும் பிடித்து இழுப்பார். கை மாட்டிக்கொண்டதால் முகத்தை மறைக்க வழியில்லை. நெற்றி நேராகத் தூணில் போய் மோதும். ஒரு தடவையோடு விடவில்லை, திரும்பத் திரும்ப. நெற்றி பிளந்து ரத்தம் முகமெல்லாம் வழியும். சொந்த நாட்டுக் கூட்டம் சுற்றி நின்று கத்தும்.

வீட்டில் யாராவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஸ்டண்ட் ஆட்கள் திருப்ப மாட்டார்கள். ரொம்ப வருஷமாக ஃபைட்டராக இருக்கும் ஒரு அண்ணன், தோளில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தவர், போனை வாங்கி அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். “கை ரெண்டும் லாக் ஆயிடுச்சு சார். ஊன முடியாது. நிஜமாவே வாங்குறான்” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “இதுக்கு அவனுக்கு எவ்ளோ குடுத்திருப்பாங்க?”

மல்யுத்தம் என்று பேச்செடுத்தாலே “அதெல்லாம் செட்டப்தானே?” என்று கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கூலி எவ்வளவு என்று கேட்டவர் அவர்தான் முதல் ஆள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

சாலிகிராமத்தில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். ஆற்காடு ரோட்டுத் தூசியைத் தாண்டி வருகிறவர்களில் பாதிப் பேர் சினிமாவோடு தொடர்புள்ளவர்கள். டான்ஸர்கள், லைட்மேன்கள், ஃபைட்டர்கள். ஃபைட்டர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருவார்கள். முதலில் புத்தூர் கட்டு, அப்புறம் தெரிந்த யாராவது சொன்ன எண்ணெய், கடைசியில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகாத நாளுக்குக் காசில்லை என்கிற தொழிலில், நாலு வாரம் ஓய்வெடுங்கள் என்று சொல்கிற மருத்துவரைவிட, கட்டுப் போட்டு அனுப்புகிறவரைத்தான் மனசு தேடும்.

மல்யுத்தம் என் சின்ன வயதுப் பித்து. 2002-ல் மல்யுத்தம் காட்டும் டென் ஸ்போர்ட்ஸ் சேனல் வந்த பிறகு எங்கள் தெருவில் சாயங்கால கிரிக்கெட் சில நாட்கள் நடக்கவே நடக்காது. அதற்கு முன்பே மல்யுத்தக்காரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு இருந்தது. உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ், ரேங்க் என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சீட்டைப் பிடுங்குவோம். அண்டர்டேக்கர் என்ற மல்யுத்தக்காரருக்கு ஏழு உயிர் என்று நம்பாத பையன் எங்கள் வகுப்பில் இல்லை. பிறகு படிக்கும் காலத்தில் விடுதி ஹார்டு டிஸ்க் ஒன்றில் ரிங் ஆஃப் ஹானர் வீடியோக்கள் கிடைத்தன. வாணவேடிக்கை இல்லை, பெரிய திரை இல்லை. பள்ளிக்கூட ஜிம் மாதிரி ஒரு ஹாலில் சில நூறு பேர், நடுவில் ஒரு ரிங். சத்தம் மட்டும் பயங்கரமாகக் கேட்டது. நெஞ்சில் அறையும் சத்தம், முதுகு பலகையில் விழும் சத்தம். உடற்கூறு படித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் சத்தம் எந்த எலும்பிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பது உண்மை. யார் ஜெயிப்பார், எப்படி முடியும் என்று இருவருக்கும் தெரியும். இடையில் நடப்பதில் பெரும்பகுதியை ரிங்குக்குள்ளேயே காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள். ஆனால் புவியீர்ப்பு யாரோடும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதில்லை. நூறு கிலோ மனிதன் ஆறடி உயரத்திலிருந்து மல்லாக்க விழுந்தால், விழுந்ததுதான்.

விழுவதை அவர்கள் ‘பம்ப்’ என்பார்கள். பயிற்சிக்கூடத்தில் முதலில் சொல்லித் தருவது இதைத்தான், அடிப்பதை அல்ல. மல்லாக்க விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் விட்டாலும் பின்மண்டை தரையில் அடிக்கும். மேல்முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும், இடுப்பு முந்திக்கொண்டால் வால் எலும்பு வாங்கும். இரண்டு கைகளும் உடம்பிலிருந்து விலகி, உள்ளங்கை கீழே பார்த்தபடி தரையை அறைய வேண்டும். விழும் நொடியில் மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். இதில் கடினமானது கை. விழப் போகிறோம் என்று தெரிந்ததும் எந்த மனிதனும் கையைத்தான் ஊன்றுவான். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து வரும் பாட்டிமார்கள் எல்லோரும் செய்தது அதுதான். பிறவியிலேயே உடம்பில் ஊறிப்போன அந்த அனிச்சைச் செயலை ஒருவன் நூற்றுக்கணக்கான முறை விழுந்து விழுந்து அழித்தாக வேண்டும். அதன் பிறகுதான் அவன் மல்யுத்தக்காரன்.

விழும் இடமும் மெத்தை கிடையாது. இரும்புச் சட்டம், மேலே பலகை, அதன் மேல் மெலிசாக ஒரு ஃபோம், அதைப் போர்த்திய கேன்வாஸ். பக்கத்துக்கு 18 அல்லது 20 அடி. கயிறு என்று நாம் நினைப்பது பல இடங்களில் ரப்பர் குழாய் போர்த்திய இரும்பு வடம். புதுப் பையன்கள் முதல் வாரம் அதில் ஓடி ஓடி முட்டி, அக்குளுக்குக் கீழே விலாவெல்லாம் கன்றிப்போய் நிற்பார்கள். இன்னொரு விஷயம் எனக்குத் தொழில்முறையில் முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் தலைப்பூட்டு, கைமுறுக்கு எல்லாமே பெரும்பாலும் எதிராளியின் இடது பக்கத்தில்தான் போடுவார்கள். மெக்சிகோவில் வலது பக்கம். யாரோடு ஆடினாலும் குழப்பம் வராமலிருக்க வந்த வழக்கம் இது. ஆனால் பத்து வருஷம் ஒரே தோளும் ஒரே கழுத்துப் பக்கமும் இழுபட்டால் அந்த மூட்டு என்ன கதிக்கு ஆளாகும் என்பதைச் சொல்ல எனக்கு எக்ஸ்ரே தேவையில்லை.

இனி கூலிக்கு வருகிறேன்.

டபிள்யூ.டபிள்யூ.இ. போன்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாதவர்களை இண்டிபெண்டன்ட் ரெஸ்லர் என்கிறார்கள், சுருக்கமாக இண்டி. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. புதியவனுக்குச் சில நேரம் சாப்பாடும் கைகுலுக்கலும்தான் மிஞ்சும். உடை, பூட்ஸ், முழங்கால் பட்டை எல்லாம் சொந்தக் காசு. வெள்ளிக்கிழமை ஒரு ஊர், சனிக்கிழமை இன்னொரு ஊர், நாலு பேர் ஒரு காரில் பெட்ரோல் பங்குபோட்டுப் போவார்கள். திங்கட்கிழமை வேறு ஏதாவது வேலை. ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து டி-ஷர்ட்டும் கையெழுத்துப் போட்ட போட்டோவும் விற்பார்கள். பலருக்கு ஆட்டக் கூலியைவிட அந்த மேஜையில் கிடைப்பதுதான் அதிகம். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மிக் ஃபோலி, கல்லூரியில் படிக்கும்போது வாரக்கடைசியில் பென்சில்வேனியாவுக்குக் கார் ஓட்டிப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு, இரவில் அந்தக் காரிலேயே தூங்கியவர்.

இண்டி வாழ்க்கை ஒரு மனிதனை எப்படித் தூக்கும், எப்படிக் கீழே போடும் என்று தெரிந்துகொள்ள மெக்கின்னஸைப் பார்த்தால் போதும். 1976-ல் லண்டனில் பிறந்தவர். மல்யுத்தம் கற்க அமெரிக்காவின் ஒஹையோவுக்குப் போனார். ரிங் ஆஃப் ஹானரில் படிப்படியாக மேலே வந்து 2007 அக்டோபரில் ஜப்பானின் தகேஷி மொரிஷிமாவை வென்று உலகப் பட்டத்தைப் பிடித்தார். மொரிஷிமா மலை மாதிரி ஆள். 2009 மார்ச் வரை, கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம், அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது. அந்த நிறுவனத்தின் பெரிய ஆட்டத்தைத் தோளில் சுமந்தார். கடைசிக் காலத்தில் கையின் பைசெப்ஸ் தசை கிழிந்த நிலையிலும் ஆடினார். சாம்பியன் வராவிட்டால் டிக்கெட் விற்காது, ஆடாவிட்டால் அவருக்கும் வருமானம் இல்லை.

அதே 2009-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. கதவு திறந்தது. டேனியல்சனும் அவரும் ஒரே நேரத்தில் ரிங் ஆஃப் ஹானரிலிருந்து விடைபெற்றார்கள். டேனியல்சன் உள்ளே போனார். மெக்கின்னஸ் மருத்துவப் பரிசோதனையில் நின்றுவிட்டார். எந்த உழைப்பைப் பார்த்து அவரை அழைத்தார்களோ அந்த உழைப்பில் கிழிந்த கைதான் குறுக்கே நின்றது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கிளினிக்கில் கேட்ட கதை போலவே இருந்தது. ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்காகக் குதித்து முட்டி ஜவ்வு கிழிந்த ஒருவரை, அடுத்த படத்துக்கு அதே நிறுவனம் “காலு சரியில்லையே” என்று வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

மெக்கின்னஸ் வேறொரு டிவி மல்யுத்த நிறுவனத்துக்குப் போனார். வந்த உடனே ஒலிம்பிக் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிளோடு மோதவிட்டார்கள், பிரமாதமாக ஆடினார். அடுத்த வருஷம் திடீரென்று திரையிலிருந்து காணாமல் போனார். ஹெபடைட்டிஸ் பி தொற்று இருந்ததை பின்னால் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2011-ல் சின்னச் சின்ன ஹால்களில் விடைபெறும் ஆட்டங்கள் ஆடி ஓய்ந்தார். அந்தக் கடைசிப் பயணத்தை, ரசிகர்களிடம் பணம் திரட்டி ஒரு ஆவணப்படமாக எடுத்தார். இதற்கிடையே, லிவர்பூலில் அவர் கையைப் பிடித்து இழுத்த டேனியல்சன் 2014 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில், டபிள்யூ.டபிள்யூ.இ.யின் மிகப் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டத்தில் பட்டம் வென்று நின்றார். எழுபதாயிரம் பேருக்கு மேல் “யெஸ்! யெஸ்!” என்று கத்தினார்கள். இருவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

டேனியல்சனுக்கும் உடம்பு கணக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தது. தலையில் பலமுறை அடிபட்டதால் 2016 பிப்ரவரியில் ஓய்வு அறிவித்தார். இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்பி வர மருத்துவர்கள் அனுமதித்தார்கள். மூளை அதிர்ச்சி பற்றி இந்தத் தொழில் ரொம்பத் தாமதமாகத்தான் கண்ணைத் திறந்தது. நாற்காலியால் தலையில் நேராக அடிப்பதை டபிள்யூ.டபிள்யூ.இ. தடை செய்ததே 2010-ல்தான். ஹார்வர்டில் படித்துவிட்டு மல்யுத்தத்துக்கு வந்த கிறிஸ் நோவின்ஸ்கி, 2003-ல் தலையில் அடிபட்டு ஆட்டத்தை விட்ட பிறகு அதையே ஆராயப் புறப்பட்டார். விளையாட்டு வீரர்களின் மூளைக்காயம் பற்றி வேலை செய்ய ஒரு அமைப்பையே நிறுவினார். அவருக்கு முன்னால் 2001-ல் கலிபோர்னியாவில் ஒரு பயிற்சிக்கூடத்தில் மாணவர் ஒருவர் இறந்துபோயிருந்தார். ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்தவரை மறுபடி ரிங்கில் ஏற்றியிருந்தார்கள். நீதிமன்றத்தில் பயிற்சிக்கூடத்தின் அலட்சியம் நிரூபணமாகி, 10 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பானது. முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் விழும் இரண்டாவது அடி ஆளையே கொன்றுவிடலாம். எந்த விளையாட்டாக இருந்தாலும், பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இந்த ஒன்றையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு ஆபத்தான தொழிலுக்கு அமெரிக்காவில் ஒரு சங்கம் கூட இல்லை. டபிள்யூ.டபிள்யூ.இ.யில் ஆடுபவர்கள்கூட சட்டப்படி ஊழியர்கள் இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள். எங்கே, எப்போது, எந்தப் பெயரில், எந்த உடையில் ஆட வேண்டும் என்பதை நிறுவனம் சொல்லும். மருத்துவக் காப்பீட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். 1986-ல் ஜெஸ்ஸி வென்சுரா, சக வீரர்களிடம் சங்கம் வைப்போம் என்று பேசிப் பார்த்தார். விஷயம் முதலாளி வின்ஸ் மக்மஹோன் காதுக்குப் போனது, பேச்சு அங்கேயே அமுங்கியது. போட்டுக்கொடுத்தவர் ஹல்க் ஹோகன் என்பது, பல வருஷம் கழித்து வென்சுரா போட்ட ராயல்டி வழக்கில், சாட்சியத்தின்போது வெளியே வந்தது. இதே வென்சுரா பின்னால் மின்னசோட்டா மாநிலத்துக்கே ஆளுநரானார். அங்கே மல்யுத்தக்காரர்களுக்கு மட்டும் இன்றுவரை சங்கம் அமையவில்லை.

இதைத்தான் நான் வடபழனியோடு சேர்த்துப் பார்க்கிறேன். நம் ஊரில் ஸ்டண்ட் யூனியன் இருக்கிறது, சினிமாத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெப்சியில் இணைந்த சங்கம். உறுப்பினர் கார்டு வாங்குவது லேசில்லை, உள்ளே ஆயிரம் மனஸ்தாபம் இருக்கும். ஆனாலும் ஒரு ஃபைட்டருக்கு அடிபட்டால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது, பாக்கிச் சம்பளத்தைக் கேட்க ஒரு குரல் இருக்கிறது. மெக்கின்னஸுக்கு அது கிடையாது. அதற்காக இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு படப்பிடிப்பில் கார் கவிழும் காட்சியில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்தார். அந்த வாரம் என் கிளினிக்கில் யாரும் உடற்பயிற்சி பற்றிப் பேசவில்லை. மோதும் வேகத்தைத் தாங்க வைக்கும் அட்டைப்பெட்டி எத்தனை அடுக்கு, பெல்ட் யார் பார்த்தது, ஆம்புலன்ஸ் எங்கே நின்றது என்று அதையே பேசினார்கள். அவர்கள் பேச்சில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு சங்க அலுவலகமாவது இருந்தது.

மெட்ராஸுக்கு மல்யுத்தம் புதிதில்லை. ஐம்பதுகளில் கிங்காங், தாராசிங் மோதலைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். கிங்காங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். இந்தியா, மலேயா, சிங்கப்பூர் என்று ஊர் ஊராக ஆடிப் பிழைத்தவர். இண்டி என்ற சொல் புழங்குவதற்கு முன்பே அவர் வாழ்ந்தது அந்த வாழ்க்கைதான். 1970-ல் கார் விபத்தில் பட்ட காயத்தால் சிங்கப்பூரில் இறந்தார். அவருடைய எதிரியாகப் போஸ்டரில் நின்ற தாராசிங் சினிமாவுக்குப் போனார், மாநிலங்களவை உறுப்பினரானார், 2012-ல் காலமானபோது நாடே அஞ்சலி செலுத்தியது. மறுபடியும் அதே கதைதான்: ஒரே ரிங்கில் நின்ற இரண்டு பேர், இரண்டு வேறு முடிவுகள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு தம்பி. வடசென்னை வியாசர்பாடிப் பையன், ஐ.டி.ஐ. படிக்கிறான், சாயங்காலம் சாப்பாடு டெலிவரி. பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கி என்னிடம் வந்தான். அவன் தாத்தா பாக்ஸிங் ஆடியவர், அந்தப் பக்கத்தில் அது அதிசயமில்லை. பையனுக்கு மல்யுத்தம்தான் உயிர். 2023 செப்டம்பரில் ஹைதராபாத் கச்சிபவுலிக்கு மல்யுத்த நட்சத்திரம் ஜான் சீனா வந்தபோது டிக்கெட் வாங்கக் காசில்லாமல் போனதை இன்னும் வருத்தமாகச் சொல்கிறான். டபிள்யூ.டபிள்யூ.இ. இப்போது நெட்ஃபிளிக்ஸுக்கு மாறிவிட்டதால் நண்பன் வீட்டில் போய்ப் பார்க்கிறான்.

“சார், ஜலந்தர் போலாம்னு இருக்கேன்” என்றான் ஒரு நாள், தோளுக்கு ரப்பர் பட்டை இழுத்துக்கொண்டே. டபிள்யூ.டபிள்யூ.இ.யில் ஆடிய இந்தியர் தி கிரேட் காளி, பஞ்சாபிலுள்ள அந்த ஊரில் 2015-ல் தொடங்கிய மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தைச் சொல்கிறான். சென்னையிலிருந்து போய்ச் சேர ரயிலில் இரண்டு ராத்திரி. இந்தி சுத்தமாக வராது.

போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் கண்ணில் இருந்தது எனக்குத் தெரிந்த பித்து. காளியும் பஞ்சாப் போலீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்தான், 2007-ல் உலகப் பட்டம் வாங்கினார். ஆனால் அவருக்கு ஏழடி உயரம் இருந்தது. இவனுக்கு உயரம் ஐந்தரை, தோள் ஏற்கெனவே ஒரு முறை இறங்கியது. ஒரு முறை இறங்கிய தோள் இந்த வயதில் மறுபடி இறங்கும் வாய்ப்பு அதிகம், அதிலும் கையைப் பிடித்து இழுக்கும் தொழிலில் கேட்கவே வேண்டாம். அதைத் தெளிவாகச் சொன்னேன். ஆறு மாதம் தோளுக்கும் கழுத்துக்கும் வேலை செய்யச் சொன்னேன். அவன் தாத்தாவின் கர்லா கட்டை இன்னும் வீட்டில் இருக்கிறதாம், அதை எடு, ஆனால் நான் சொல்லும் எடையில் தொடங்கு என்றேன். முதலில் இங்கேயே முறையான குஸ்திப் பயிற்சியில் சேர்ந்து விழக் கற்றுக்கொள், ஐ.டி.ஐ. சான்றிதழை முடித்துக் கையில் வை.

அப்புறம் பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் இரண்டு பேருமாகச் சேர்ந்து, எந்தப் பயிற்சிக்கூடமாக இருந்தாலும் சேர்வதற்கு முன் கேட்க வேண்டியதை எழுதினோம். தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ரிங் பக்கம் விட மாட்டீர்கள்? அதை முடிவு செய்வது மருத்துவரா, மாஸ்டரா? பக்கத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், செலவு யார் கணக்கு? முதல் ஆட்டம் எப்போது, அதற்குப் பணம் உண்டா? அவனாக ஒன்றைச் சேர்த்தான்: “செட் ஆவலன்னா கட்டின ஃபீஸ் திரும்பக் கெடைக்குமா?”

ஐ.டி.ஐ. பரீட்சை முடிந்ததும் ஜலந்தருக்குப் போன் போட்டு வரிசையாகக் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு இந்தி வராததால் அன்று என் கிளினிக்குக்கு வந்து பேசச் சொல்லியிருக்கிறேன், நான் பக்கத்தில் இருப்பேன். பதில் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.